சொசைட்டியிலிருந்து தலைமை வங்கி வரை: தமிழ்நாட்டுக் கூட்டுறவு வங்கிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் யாரும் "கூட்டுறவு வங்கி" என்று சொன்னதில்லை. "சொசைட்டி"தான். சொசைட்டியில் உரம் வந்திருக்கிறதா, சொசைட்டியில் வைத்த நகைக்குத் தவணை எப்போது என்றுதான் பேச்சு. இரண்டு தலைமுறையாக உறுப்பினராக இருக்கும் குடும்பம் என்பதால், தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கூட்டுறவு வங்கிக்கும் மற்ற வங்கிகளுக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

முதலாளி யார் என்பதுதான். மற்ற வங்கியில் பங்கு வைத்திருப்பவர் ஒருவர், கடன் வாங்குபவர் வேறொருவர். கூட்டுறவில் இருவரும் ஒரே ஆள். பங்குத்தொகை கட்டி உறுப்பினரானவர்தான் கடன் கேட்டு வந்து நிற்கிறார். நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றுதான். லாபத்தில் ஒரு பகுதியைக் கட்டாயமாக ஒதுக்க நிதியில் போட வேண்டும். மீதியை இஷ்டத்துக்குப் பங்கு ஈவாக அள்ளிக் கொடுத்துவிடவும் சட்டம் விடாது. ஆகவே பணம் பெருக்க நினைத்து இதில் யாரும் பங்கு வாங்குவதில்லை.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது?

ஜெர்மனியில் இருவருக்கு, ஏறத்தாழ ஒரே காலத்தில். நகரத்துக் கைவினைஞர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் கடன் சங்கம் அமைத்தவர் ஷூல்ட்சே டெலிட்ச். அவருடைய கடன் சங்கம் 1850இல் வந்தது. கிராமத்துக்கு வழி கண்டவர் ஃப்ரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். அவர் ஒரு சிற்றூரின் மேயர்.

ரைஃபைசனின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய நம் சங்கங்களின் கோளாறு அதில் அப்போதே தெரிகிறது. 1846–47 பஞ்சத்தில் ஊர்ப் பணக்காரர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். பிறகு இன்னொரு ஊரில், விவசாயிகள் மாடு வாங்க உதவும் சங்கம் அமைத்தார். அதற்கும் பணம் கொடுத்தவர்கள் வசதியுள்ளவர்கள்தான். சில ஆண்டுகளில் அவர் கண்டுகொண்டது இது: பணம் கொடுப்பவர் ஒரு பக்கமும் வாங்குபவர் மறுபக்கமும் நின்றால், கொடுப்பவருக்கு ஒருநாள் சலித்துவிடும். வாங்குபவருக்கோ அது தன் பணம் என்ற நினைப்பே வராது. 1864இல் ஹெட்டெஸ்டார்ஃபில் அவர் அமைத்த சங்கத்தில் கடன் வாங்கும் விவசாயிகளே உறுப்பினர்கள், அவர்களே பொறுப்பாளிகள். ஒருவர் கட்டாமல் போனால் எல்லோருடைய சொத்தும் அதற்கு ஈடு. சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூரைத் தாண்டாது. யார் கிணறு வற்றியது, யார் குடித்து அழிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த எல்லை அது.

இந்தியாவுக்கு எப்படி வந்தது?

சென்னை மாகாணம் வழியாக. 1875இல் பூனா, அகமத்நகர் பகுதி விவசாயிகள் வட்டிக்காரர்களின் வீடுகளில் புகுந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் விவசாயிக் கடன் என்பது அரசின் தூக்கத்தைக் கெடுக்கத் தொடங்கியது. சென்னை அரசு, ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே விவசாயிகளுக்கு எப்படிக் கடன் கிடைக்கிறது என்று பார்த்து வரச் சொன்னது. 1895லும் 1897லும் இரண்டு பாகங்களாக அவர் அறிக்கை கொடுத்தார். உறுப்பினர்கள் பணம் போட்டு, உறுப்பினர்களுக்கே கடன் தரும் "நிதி" என்ற அமைப்புகள் நம் ஊரில் ஏற்கெனவே இருந்தன, அவற்றையும் அவர் விட்டுவிடவில்லை. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இலேயே தொடங்கியிருந்தது. அத்தனை பக்கங்களின் சாரத்தையும் இரண்டே சொல்லில் அவர் சொல்லிவிட்டார்: "ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்." இன்னொரு ஜெர்மன் திட்டத்தைத் தேடச் சொல்லவில்லை அவர். ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஓர் ஆள் கிடைத்தால்தான் இது நடக்கும் என்றார்.

சென்னை அரசு முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இந்திய அரசு எட்வர்ட் லா தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். கிராமச் சங்கத்தில் பொறுப்பு வரம்பற்றது. ரைஃபைசன் சொன்னது அப்படியே. சங்கங்கள் சேர்ந்து மேல்மட்ட வங்கி அமைக்கவும், கடன் அல்லாத வேலைகளுக்குச் சங்கம் வைக்கவும் 1912ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது.

(நிக்கல்சன் பின்னாளில் மீன் பக்கம் போய்விட்டார். சென்னை மாகாண மீன்வளத் துறை அவர் கையில்தான் உருவானது.)

முதல் சங்கம் எது?

இதற்குப் போட்டி உண்டு. சட்டம் வருவதற்கு முன்பே, 1889இல் பரோடாவில் அன்யோன்ய சஹகாரி மண்டலி நடந்துகொண்டிருந்தது. சட்டப்படி பதிவானவற்றில், திருவள்ளூர் பக்கம் உள்ள திரூரின் கடன் சங்கம் 1904ஐச் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவான சங்கத்தைத்தான் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கமாக ரிசர்வ் வங்கி குறிப்பிடுகிறது. கர்நாடகத்தில் கதக் பக்கம் உள்ள கணகினஹாள்காரர்கள் தங்கள் ஊர்தான் முதல் என்பார்கள், அது 1905. நான் சண்டைக்குப் போவதில்லை.

1905இல் சென்னை மத்திய நகர வங்கி பதிவானது. கிராமச் சங்கங்களுக்குப் பணம் கொடுப்பதற்காக ஏற்பட்ட வங்கி அது. இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி அதுவேதான். அடுத்த ஆண்டே அர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி திவாலாகி சென்னையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போனது. வெள்ளைக்காரக் கம்பெனி என்றால் பணம் பத்திரம் என்ற நம்பிக்கை அன்றோடு முடிந்தது.

சொசைட்டி, மத்திய வங்கி, தலைமை வங்கி எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. கீழே ஊர்களில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், 4,300க்கும் மேல். நடுவில் 23 மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள். உச்சியில் சென்னையில் தலைமை வங்கி. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, விவசாயக் கடனுக்காகத் தரும் பணம் தலைமை வங்கிக்கு வந்து, மத்திய வங்கிக்கு இறங்கி, சங்கத்துக்கு வந்து, விவசாயி கைக்குப் போகிறது.

நகரக் கூட்டுறவு வங்கிகள் தனி வரிசை. அவை 120க்கும் மேல் உள்ளன. நிலத்தை வைத்து நீண்டகாலக் கடன் தரும் நிலவள வங்கிகளும் தனி. சென்னை மத்திய நில அடமான வங்கி 1929இல் தொடங்கியது.

உங்கள் ஊர்ச் சங்கத்தின் பழைய பெயர்ப்பலகையில் "கூட்டுறவு வங்கி" என்று இருந்தது நினைவிருக்கலாம். சட்டப்படி அது வங்கி அல்ல என்பதால் அந்தச் சொல்லை எடுக்க வேண்டி வந்தது. பலகை எழுதும் வேலைதானே என்று நினைக்காதீர்கள். டெபாசிட் போடுகிறவர்களுக்கு இதில் பெரிய செய்தி இருக்கிறது. கீழே வருகிறேன்.

கூட்டுறவு வந்ததும் கந்துவட்டி ஒழிந்ததா?

இல்லை. ஐம்பது ஆண்டு ஓடிய பிறகு, ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின் அறிக்கை 1954இல் வந்தது. கிராமத்துக் கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம். வட்டிக்காரர்களின் பங்கு மூன்றில் இரண்டுக்கும் மேல். கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனால் வென்றே தீர வேண்டும் என்ற பேச்சு அந்த அறிக்கையைச் சுற்றித்தான் எழுந்தது. அரசே சங்கங்களில் பங்குத்தொகை போட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதன் பிறகு பணம் வந்தது, கடன் பெருகியது, உண்மை. கூடவே அரசின் கையும் உள்ளே வந்தது. அந்தக் கை இன்று வரை வெளியே போகவில்லை.

பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை என்கிறார்களே?

தவணைக்குள் கட்டினால் இல்லை. கணக்கில் 7 சதவீதம். குறித்த நாளுக்குள் அசலைக் கட்டிவிட்டால், 3 லட்சம் ரூபாய் வரை, அந்த வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. ஒருநாள் தவறினாலும் சலுகை போய்விடும். சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகள், ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கடனில் ஒரு பகுதி பணமாகவும் ஒரு பகுதி உரமாகவும் வரும். உங்களுக்குத் தேவை யூரியாவாக இருக்கும், சங்கத்தில் இருப்பது வேறாக இருக்கும். அது தனிக் கதை.

"ஒருநாள் தவறினாலும்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு காட்சி உண்டு. நெல் இன்னும் களத்தில் கிடக்கும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை நகராது. நாளை தவணை. கையில் 80,000 ரூபாய் இல்லை. அன்று காலை சொசைட்டிக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் 80,000 வாங்கி உள்ளே கட்டுவீர்கள். ரசீது போட்டு, புதுக் கடனுக்குக் கையெழுத்து வாங்கி, பணம் கணக்கில் ஏறியதும் எடுத்து அவரிடமே கொடுப்பீர்கள், ஒருநாள் வட்டியோடு. பணம் ஏற இரண்டு நாள் ஆனால் இரண்டு நாள் வட்டி. வட்டியில்லாக் கடனுக்கு நாங்கள் கொடுக்கும் வட்டி இது. கந்துவட்டியை விரட்டத் தொடங்கிய சங்கத்தின் வாசலிலேயே கந்துவட்டிக்காரருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

சங்கங்களில் நகைக்கடனுக்கு ஏன் அவ்வளவு கூட்டம்?

நிலம் இல்லாதவருக்கும் எளிதில் கிடைக்கும் கடன் அது. அடங்கல் வேண்டாம், பட்டா வேண்டாம். குத்தகைக்கு உழுபவர், கூலி வேலைக்குப் போகும் பெண், கணவருக்குத் தெரியாமல் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட நினைப்பவர் எல்லோரும் இந்த வரிசையில்தான்.

மதிப்பீட்டாளர் தோட்டை வாங்கி, உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, அமிலத்தைத் தொட்டு வைத்துப் பார்ப்பார். கல் எடையைக் கழிப்பார். "மூணே கால் கிராம்மா." அந்த அம்மா எட்டிப் பார்ப்பார், தராசைப் பார்க்கிறாரா, தோட்டைப் பார்க்கிறாரா என்று சொல்ல முடியாது. பிறகு ஒரு சின்ன உறை, அதன் மேல் எண், கையெழுத்து, முத்திரை. சங்கத்துக்கும் இது லாபம்: திரும்பி வரும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கடன். பல சங்கங்கள் சம்பளம் போடுவதே நகைக்கடன் வட்டியில்தான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நகைக்கடனுக்காக மட்டும் சேர்பவர் பெரும்பாலும் இணை உறுப்பினர். அவருக்கு வாக்கு கிடையாது. எங்கள் சங்கத்தில் வாசல்படியைத் தேய்ப்பவர்களில் பாதிப் பேருக்கு அதன் நிர்வாகத்தில் பேச்சுரிமை இல்லை.

ரேஷன் கடையைச் சங்கம் ஏன் நடத்துகிறது?

ஊர்தோறும் கட்டடமும் ஆளும் கணக்குப் புத்தகமும் ஏற்கெனவே இருந்த அமைப்பு அது ஒன்றுதான் என்பதால். தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் 30,000க்கும் மேற்பட்டவை கூட்டுறவுகளிடம் இருக்கின்றன. உரம், விதை, மகளிர் குழுக் கடன், சில இடங்களில் பொதுச்சேவை மையம், வேளாண் இயந்திர வாடகை எல்லாம் இதே கூரையின் கீழ்தான். ஆனால் கடை நடத்தும் செலவு முழுவதையும் அரசு உடனுக்குடன் தருவதில்லை. மானியம் வரும்வரை இழுத்துப் பிடிப்பது சங்கம்தான்.

கடன் தள்ளுபடி நல்லதா, கெட்டதா?

இரண்டும் சொல்வேன். மழை பொய்த்து, அடுத்த ஆண்டு வெள்ளத்தில் மூழ்கிய விவசாயிக்குத் தள்ளுபடி உயிர்ப்பிச்சை. அதை மறுப்பவர் வயலில் இறங்காதவர். ஆனால் தேதிகளைப் பாருங்கள். 2006இல் ஆட்சிக்கு வந்ததும் மு. கருணாநிதியின் அறிவிப்பு. 2016இல் சிறு, குறு விவசாயிகளுக்கு ஜெ. ஜெயலலிதாவின் கையெழுத்து. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, எடப்பாடி பழனிசாமி அறிவித்த 12,110 கோடி ரூபாய். பயன் பெறுவோர் 16.43 லட்சம் விவசாயிகள். மழையைவிடத் தேர்தலோடுதான் இது பொருந்திப் போகிறது.

2021 தள்ளுபடிக்குக் கணக்கு நாள் ஜனவரி 31. எங்கள் பக்கத்து வயல்காரர் பொங்கல் கழிந்த வாரம், மகள் வளையலை வைத்துத் தவணையைக் கட்டியிருந்தார். அறிவிப்பு வந்த அன்று அவர் யாரையும் திட்டவில்லை. "இனிமே நானும் கட்ட மாட்டேன், தம்பி" என்று மட்டும் சொன்னார். முப்பது ஆண்டில் ஒரு தவணை தவறாதவர். ரைஃபைசன் பயந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

அதே ஆண்டு 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி. ஆராய்ந்த சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டன. ஒரே குடும்பத்தின் பெயரில் பல சங்கங்களில் கடன்கள், சில இடங்களில் போலி நகைகள் என்று அந்தச் சோதனையில் வெளியே வந்தவை பல.

2016 பணமதிப்பு நீக்கத்தின்போது கூட்டுறவுகளில் என்ன நடந்தது?

நவம்பர் 14ஆம் தேதி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளை வாங்கவோ மாற்றவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. டெல்டாவில் சம்பா சாகுபடி நேரம். கையில் இருக்கும் நோட்டைச் சங்கம் வாங்காது; புது நோட்டு சங்கத்துக்கு வராது. கிராமத்து விவசாயிக்கு வங்கி என்றால் சங்கம்தான் என்பதை டெல்லியில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

என் டெபாசிட் பத்திரமா?

எங்கே போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தலைமை வங்கி, மாவட்ட மத்திய வங்கி, நகர வங்கி என்றால், டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் கீழ் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை இது 1 லட்சமாகத்தான் இருந்தது. உயர்த்தியதற்கு முந்தைய ஆண்டு மும்பையில் பி.எம்.சி. வங்கி முடங்கி, கணக்கு வைத்திருந்தவர்கள் முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் வாசலில் நின்றதை மறக்க முடியாது. அந்த வங்கியின் கடன்களில் பெரும்பகுதி ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது.

ஊர்ச் சங்கத்தில், அதாவது தொடக்கக் கடன் சங்கத்தில் போட்ட பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. பெயர்ப்பலகையிலிருந்து "வங்கி" போனதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். வட்டி அரை சதவீதம் கூட என்று ஓய்வூதியப் பணம் முழுவதையும் அங்கே போடாதீர்கள் என்பேன். இதைச் சொன்னால் எங்கள் சங்கத்துச் செயலாளருக்குக் கோபம் வரும். வரட்டும்.

யார் கண்காணிக்கிறார்கள்?

1966 மார்ச் முதல் கூட்டுறவு வங்கிகள் ரிசர்வ் வங்கியின் பார்வையிலும் இருக்கின்றன, 2020 திருத்தம் அந்தப் பிடியை இறுக்கியது. மத்திய வங்கிகளையும் தலைமை வங்கியையும் நபார்டு ஆய்வு செய்கிறது. ஊர்ச் சங்கம் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் பொறுப்பு. முறைகேடு புகார் வந்தால், 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவில் விசாரணை. "எண்பத்தொண்ணு போட்டிருக்காங்க" என்று ஊரில் யாராவது சொன்னால், சங்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். 87 என்றால் இழப்பை உரியவரிடம் வசூலிக்கும் தண்டத் தீர்வை.

தேர்தல் நடக்கிறதா?

சங்கங்களின் நிர்வாகக் குழுக்களுக்கு 2013லும் 2018லும் நடந்தது. அந்தக் குழுக்களின் ஐந்தாண்டு 2023இல் முடிந்ததும் பொறுப்பு அலுவலர்களிடம் போனது. தமிழ்நாட்டுச் சங்கங்கள் தேர்ந்தெடுத்த குழு இல்லாமல், தனி அலுவலர் கையில் நீண்ட காலம் கிடப்பது புதிதல்ல. எந்தக் கட்சி ஆண்டாலும் நடப்பது இதுதான். தேர்தல் நடந்தபோதும், பல ஊர்களில் வாக்குச்சீட்டே இல்லாமல் ஆளுங்கட்சிக்காரர்கள் போட்டியின்றி வந்துவிடுவார்கள்.

உறுப்பினராகச் சேர்ந்தால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டத்துக்குப் போங்கள். அறிவிப்பு தபாலில் வராது. சங்கத்துப் பலகையில் ஒட்டியிருப்பார்கள், சில சமயம் காலண்டருக்குப் பின்னால். போனால் மூன்றைக் கேளுங்கள்: தவணை தவறிய கடன் எவ்வளவு, அதில் பெரிய பத்துக் கடன்கள் யாருடையவை, கடைசித் தணிக்கை எந்த ஆண்டு வரை முடிந்திருக்கிறது. நான் முதல் தடவை போனபோது இருந்தவர்கள் பதினொரு பேர். தீர்மானப் புத்தகம் என் கைக்கு வந்தது. அதில் இருநூறுக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் ஏற்கெனவே இருந்தன. எட்டு ஆண்டுக்கு முன் இறந்துபோன என் அப்பாவுடையதும் இருந்தது, நீல மையில்.